மகசூல் வேறு, மிச்சம் வேறு

மழை குறைந்த நிலத்திற் பயிரிடும் குடியானவரின் நிலைமையைச் சீர்திருத்த வேண்டுமென்று பேசுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்டு நின்றுவிடுகின்றனர். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதே அக்கேள்வி. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது போதவில்லை. விதைக்கும் உரத்துக்கும் வண்டிக்கும் சாக்குக்கும் வட்டிக்கும் கொடுத்தது போக வீட்டில் தங்கியது எவ்வளவு என்று கேட்டாலொழிய ஒருவருடைய உண்மை நிலை வெளிப்படுவதில்லை. மகசூல் ஏறினால் மிச்சமும் ஏறும் என்று நம்புவது வழக்கமாகிவிட்டது. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வதற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலங்கள் மிகவும் தக்கவை. உலகச் சந்தைக்குக் கோதுமை அனுப்பும் பெரிய நாடுகளில் அது ஒன்று. ஆயினும் அங்கே கோதுமையில் மிகப் பெரும்பகுதி மழையை மட்டுமே நம்பி விளைகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட புள்ளிக் கணக்கும் அங்கே எழுத்தில் உள்ளது. கூட்டுறவாளர் கண்டறிய வேண்டிய செய்தி ஒன்றும் அந்நாட்டில் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

அங்குள்ள பண்ணைகள் நம் அளவைக்குள் அடங்கா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூவாயிரம் ஏக்கர் வைத்திருப்பவரைச் சிறு விவசாயி என்று அழைத்தாலும் அங்கே எவரும் வியப்படையார். உழவு, விதைப்பு, அறுப்பு யாவும் இயந்திரமே. ஆகவே அவர்கள் செய்வதையெல்லாம் இங்கே செய்யலாம் என்பது நம் கட்சியன்று. ஆனால் வானம் பார்த்த பூமியின் வரவு செலவு, நிலம் மூன்று ஏக்கரானாலும் மூவாயிரம் ஏக்கரானாலும், ஒரே போக்கில்தான் செல்கிறது.

தென் ஆஸ்திரேலியாவில் 1865ஆம் ஆண்டு, கொடிய வறட்சி ஒன்றை அடுத்து, சர்வேயர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் கோய்டர் குதிரைமேல் நெடுந்தூரம் சென்று நிலப்படத்தில் ஒரு கோடு வரைந்தார். மழை அளந்த கணக்கு அவரிடம் அதிகம் இல்லை. மண்ணில் வளர்ந்திருந்த புதர்களையும் புல்லையும் பார்த்தே வரைந்தார். கோட்டுக்குத் தெற்கே பயிர் செய்யலாம். வடக்கே ஆடு மாடு மேய்ப்பதோடு நிற்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர், அதாவது 12 அங்குலம் மழை பெய்யும் எல்லையை அக்கோடு ஒட்டிச் செல்வது பின்னாளில் தெரியவந்தது. 1870க்குப் பின்னர் சில ஆண்டுகள் வானம் கைகொடுத்தது. ஏர் போகுமிடத்துக்கு மழை பின்தொடர்ந்து வரும் என்றொரு பேச்சும் கிளம்பியது. சட்டசபை 1874ல் அக்கோட்டின் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. சர்க்கார் கடனுக்கு நிலத்தை விற்றது. குடியேறியோர் கோட்டைத் தாண்டிச் சென்று ஊர்களை எழுப்பினர். 1880ஐ ஒட்டித் தொடங்கிய வறட்சியில் அவர்களிற் பலர் வீட்டையும் வயலையும் போட்டுவிட்டுத் திரும்பினர். கூரையற்ற கல்வீடுகளை இன்றும் அப்பக்கத்திற் காணலாம். நல்ல ஆண்டுகளை மட்டும் பார்த்து நிலத்தின் சக்தியை மதிப்பிட்டவர்கள் கடன் கொடுத்தவர்கள், நஷ்டமோ வாங்கியவர்களுடையது.

மழையை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. அந்நாட்டு மண் மிகப் பழைமையானது. மணிச்சத்து இயல்பாகவே குறைவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டு தவறாமல் கோதுமையையே விதைத்து வந்ததால் விளைச்சல் இறங்கி, 1900ஐ ஒட்டி ஏக்கருக்கு 200 கிலோ அளவில் வந்து நின்றது. சூப்பர் பாஸ்பேட் உரமும், நிலத்தைத் தரிசாக விட்டு ஈரம் சேர்க்கும் முறையும், 1901ல் வில்லியம் பாரர் வெளியிட்ட ‘பெடரேஷன்’ என்னும் ரகமும் சேர்ந்து அதை நிமிர்த்தின. அங்கே மழை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குளிர்காலத்திற் பெய்யும். நவம்பரில் வெயில் கொளுத்தத் தொடங்கும். பாரரின் ரகம் முன்னதாக முதிர்ந்து அவ்வெயிலுக்குத் தப்பியது. வறண்ட நிலத்துப் பயிருக்கு வேண்டிய குணங்களில் இதுவே தலையானது என்று நாம் கருதுகிறோம். 1950க்குப் பின்னர், பயறினத்தைச் சேர்ந்த குளோவர்ப் புல்லை மாற்றுப் பயிராக வளர்த்து அதில் ஆடு மேய்த்தனர்; தழைச்சத்து மண்ணிற் சேர்ந்து விளைச்சல் மற்றுமொரு படி ஏறிற்று.

இனி நீரின் கணக்குக்கு வருவோம். 1984ல் தென் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரெஞ்ச், ஷுல்ட்ஸ் என்ற இரு நிபுணர்கள் பல வயல்களின் விவரங்களைத் திரட்டி எளிய விதி ஒன்றை வகுத்தனர். பயிர்க்காலத்தில் கிடைக்கும் நீரில் 110 மில்லிமீட்டர் மண்ணின் மேற்பரப்பிலிருந்தே ஆவியாகிவிடும். அது போக எஞ்சும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஹெக்டேருக்கு 20 கிலோ தானியம் கிடைப்பது உச்ச வரம்பு. ஏக்கர்க் கணக்கில் இதைச் சுமார் 8 கிலோ என்று கொள்ளலாம். பின்வந்தோர் இவ்வெண்களைச் சற்றே திருத்தியிருப்பினும் விதியின் அமைப்பு மாறவில்லை.

இவ்விதியை நம் வாசகர்கள் தாளும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். 250 மில்லிமீட்டர் கிடைத்த ஆண்டில் 110 போக 140. விளைச்சல் ஏக்கருக்கு 1,120 கிலோ. 150 மில்லிமீட்டரே கிடைத்த ஆண்டில் 110 போக 40. விளைச்சல் 320 கிலோ. மழை ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. விளைச்சலோ பத்தில் ஏழு பங்கு குறைந்துவிட்டது. ஆவியாகப் போகும் பங்கு முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பயிருக்குக் கிடைப்பது கடைசியில் மிஞ்சுவதே. வறண்ட நிலத்துக் குடியானவரின் துன்பம் முழுவதும் இந்த 110க்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

இவ்வரம்பைத்தானும் எட்டியவர் சிலரே. சட்ராஸ், ஆங்கஸ் என்போர் 2006ல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, தென்கிழக்கு ஆஸ்திரேலிய வயல்களில் செலவான மொத்த நீரில் ஒரு மில்லிமீட்டருக்குச் சராசரியாக ஹெக்டேருக்கு 10 கிலோ அளவே விளைந்தது. சீனாவின் லோயஸ் மேட்டு நிலத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் தென்பகுதியில் 5 கிலோவுக்குச் சற்று அதிகம்.

இக்குறைவுக்குக் காரணம் குடியானவரின் அறியாமை என்று சொல்லிவிடுவது மேசை முன் அமர்ந்திருப்போருக்கு எளிது. வயலில் நிகழ்வது வேறு. கோதுமை முந்திப் பூத்தால் உறைபனி கதிரைக் கருக்கும். பிந்திப் பூத்தால் வெப்பம் மணியைச் சுருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில நாட்களுக்குள் பூ வந்தாக வேண்டும்; விதைக்கும் நாளோ முதல் மழையைப் பொறுத்தது. அடிமண்ணில் உப்போ போரானோ மிகுந்த நிலங்களில் வேர் இறங்குவதில்லை. கீழே ஈரம் இருக்கவே பயிர் வாடும். வேரழுகல் நோய்களும் நூற்புழுக்களும் கோதுமைக்குப் பின் கோதுமை விதைக்கும் வயலில் பெருகும். இவற்றினும் விசித்திரமானது உரத்தால் வரும் கேடு. இளம்பருவத்தில் தழைச்சத்து மிகுந்துவிட்டால் பயிர் செழித்துத் தூர்கட்டி, மண்ணின் ஈரத்தையெல்லாம் முன்கூட்டியே குடித்துவிடும். கதிர் முற்றும் வேளையில் குடிக்க நீரின்றி வைக்கோலாகக் காயும். வழியே செல்வோர் கண்ணுக்கு அவ்வூரிலேயே அழகிய வயல் அதுவாக இருந்திருக்கும்.

கிர்க்கேகார்ட், ஹன்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2010ல் விக்டோரியா மாகாணத்தின் கெராங் பகுதிக்கு ஒரு மதிப்பீடு செய்தனர். கோடையிற் பெய்யும் சிறு மழையைக் களை குடித்துவிடாமல் அழித்தல், மாற்றுப் பயிர் வைத்தல், உழாமல் தாளை வயலிலேயே விட்டு விதைத்தல், அதற்கேற்ற ரகத்தை முன்னதாக விதைத்தல் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், கணிப்பொறிக் கணக்கின்படி ஹெக்டேருக்கு 1.6 டன்னிலிருந்து 4.5 டன் வரை உயரலாம் என்பது அவர்கள் முடிவு. கணிப்பொறியின் வயலில் ஆலங்கட்டி மழை இல்லை, இயந்திரம் பழுதாவதில்லை என்பதை மறக்கவேண்டாம். எனினும் அப்பட்டியலில் மேலும் மேலும் உரம் வாங்குக என்ற யோசனை இல்லை என்பது கவனிக்கத்தக்கது. யாவும் ஈரத்தைக் காப்பதும் காலத்தைப் பிடிப்பதுமே.

உழைப்பெல்லாம் புள்ளிக் கணக்கில் தெரிவதில்லை என்பதற்கும் ஓர் ஆதாரம் உண்டு. 1990 முதல் 2015 வரை ஆஸ்திரேலியாவின் சராசரிக் கோதுமை விளைச்சல் ஏறாமல் நின்றுவிட்டது. உழவர் சோம்பிவிட்டனரோ என்று ஐயுறலாம். ஹாக்மன் முதலியோர் 2017ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்லிற்று. அக்காலத்தில் மழை குன்றி வெப்பம் கூடியதால், கிடைக்கும் நீரில் விளையக்கூடிய உச்ச அளவே 27 சதவிகிதம் இறங்கிவிட்டது. உச்ச அளவில் 38 சதவிகிதத்தை எடுத்துவந்த உழவர் 55 சதவிகிதம் எடுக்கக் கற்றுக்கொண்டதனால்தான் சராசரி கீழே விழவில்லை. கீழ்நோக்கி ஓடும் நகரும் படியில் மேல்நோக்கி ஏறியவர்கள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்போரின் ஏட்டில் இவர்களுக்கு மதிப்பெண் பூஜ்யம்.

உச்ச வரம்பைத் தொட முடிந்தவரும் தொடாமல் நிற்பது ஏன் என்பதற்கு நாம் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. சாகுபடிச் செலவு ஏக்கருக்கு 500 கிலோ கோதுமையின் விலை என்று கொள்வோம். மழை 250 மில்லிமீட்டரானால் 620 கிலோ மிச்சம். 200 ஆனால் 220 கிலோ மிச்சம். 150 ஆனால் 180 கிலோ நஷ்டம். இந்நிலையில் 100 கிலோவின் விலைக்கு அதிகப்படி உரம் போடச் சொல்கிறார் ஒருவர். நல்ல ஆண்டில் அவ்வுரம் 250 கிலோ கூட்டித் தரலாம்; நடுத்தர ஆண்டில் போட்ட 100 கிலோவே திரும்பும்; வறண்ட ஆண்டில் ஒன்றும் திரும்பாது. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து அவர் அடைந்த நிகரலாபம் 50 கிலோ. வறண்ட ஆண்டின் நஷ்டமோ 180லிருந்து 280 ஆகிவிட்டது. அந்த உரம் கடனுக்கு வாங்கியதானால் 50 கிலோவும் வட்டியிற் கரையும். சராசரி மகசூல் மூன்றாண்டிலும் உயர்ந்திருப்பது உண்மை. வறண்ட ஆண்டு முதலாவதாக வந்துவிட்டால், மற்ற இரண்டு ஆண்டுகளைக் காண அந்நிலம் அவர் கையில் இராது என்பதும் உண்மை. ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு அங்கே எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும்: 2005–06ல் நாடு முழுவதும் சுமார் 250 லட்சம் டன் கோதுமை விளைந்தது, அடுத்த ஆண்டு சுமார் 110 லட்சம் டன். ஆகவே உச்சத்துக்குக் கீழே நின்று பயிரிடுவோரை நாம் பின்தங்கியோர் என்று சொல்லமாட்டோம்.

வானம் கைகொடுத்தும் மிச்சம் இல்லாமற் போவது உண்டு. 1930ல் உலகப் பொருளாதார மந்தத்தால் அந்நிய நாணயம் இன்றித் தவித்த ஆஸ்திரேலிய சர்க்கார், பிரதமர் ஸ்கல்லின் தலைமையில், இன்னும் அதிகக் கோதுமை பயிரிடுமாறு உழவரை வேண்டிக்கொண்டது. ரயில் நிலையத்தில் புஷலுக்கு 4 ஷில்லிங் உறுதி என்ற வாக்கும் வந்தது. குடியானவர் கடன் வாங்கிக் காடு திருத்தி, முன் எப்போதும் இல்லாத பரப்பில் விதைத்தனர். பருவமும் ஒத்துவந்தது, 21 கோடி புஷலுக்கு மேல் விளைந்து குவிந்தது. விலை உறுதி மசோதாவை மேல்சபை நிராகரித்துவிட்டது. அறுவடையின்போது சந்தை விலை வாக்களித்ததில் ஏறத்தாழப் பாதி. அந்நாடு அதுகாறும் கண்ட மிகப் பெரிய மகசூல், உழவரை அதுகாறும் காணாத கடனில் தள்ளிற்று. நூல் விலை ஏறிச் சேலை விலை இறங்கிய மாதத்தில் தறியை இரவும் பகலும் ஓட்டிய நெசவாளர் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

கூட்டுறவாளர் அறிய வேண்டிய செய்தி என்று நாம் முதலில் குறித்தது இந்த நெருக்கடியில் பிறந்ததே. அக்காலத்தில் கோதுமை முழுவதும் கோணிச் சாக்குகளில் கட்டப்பட்டு ரயிலேறியது. மூன்று புஷல் கொள்ளும் அச்சாக்குகள் நம் கல்கத்தாச் சணல் ஆலைகளிலிருந்து கப்பலிற் சென்றவை. சாக்கு வாங்க, தைக்க, தூக்க, எலியும் மழையும் கெடுக்காமற் காக்க என்று செலவு நீண்டது. கோதுமை விலை பாதியானபோது சாக்கின் செலவு பாதியாகவில்லை. மேற்கு ஆஸ்திரேலிய உழவரின் கூட்டுறவு நிறுவனமாக 1914ல் தோன்றிய வெஸ்ட்ரேலியன் பார்மர்ஸ், 1931ல் வயல்கட்செம் என்ற ஊரை ஒட்டிய சில ரயில் நிலையங்களில் சாக்கின்றித் தானியத்தை அப்படியே கொட்டி வைத்து ஏற்றும் முறையைச் சோதித்துப் பார்த்தது. 1933ல் இதற்கென்றே ‘கோவாபரேட்டிவ் பல்க் ஹேண்ட்லிங்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. காட்டு மரத்தைத் தூணாக நட்டு, நெளிதகடு அடித்து, மலிவான கொட்டகைகளைக் கட்டினர். மூலதனத்துக்காகக் கோதுமை கொணர்வோரிடம் புஷலுக்கு ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டது. தொடக்கக் கடன்கள் அடைந்தபின் 1940களில் நிர்வாகம் உழவர் கைக்கு வந்தது. ஏக்கருக்கு ஒரு கிலோவும் இதனால் அதிகமாக விளையவில்லை. உழவருக்குத் தங்கியது மட்டும் அதிகமாயிற்று.

பின்னர் நடந்தவை கலப்பானவை. 1939ல் யுத்தத்தை முன்னிட்டு ஏற்பட்ட ஆஸ்திரேலியக் கோதுமை வாரியம் நெடுங்காலம் ஏற்றுமதி முழுவதையும் தன் ஒரே கையில் வைத்திருந்தது. 1999ல் அது கம்பெனியாக மாற்றப்பட்டது. ஈராக்குக்குக் கோதுமை விற்றதில் நடந்த கையூட்டு விவகாரம் 2006ல் விசாரணைக் கமிஷனில் வெளிப்பட்டபின், 2008ல் அதன் தனியுரிமையும் முடிந்தது. வெஸ்ட்ரேலியன் பார்மர்ஸ் 1984ல் பங்குச் சந்தையில் ஏறி, இன்று வீட்டுச் சாமான் கடைகளுக்குப் பெயர்பெற்ற பெருங்கம்பெனியாகிவிட்டது. தானியக் கிடங்குச் சங்கமோ இன்னும் உழவருடையதாகவே உள்ளது. அதையும் பங்குக் கம்பெனியாக்கலாம் என்று 2016ல் வந்த திட்டத்தை அதன் நிர்வாகக் குழு ஏற்கவில்லை. பங்கு விற்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை கையில் வரும் என்ற ஆசை சிறியதன்று. கிடங்குக் கட்டணம் பிறகு யார் லாபத்துக்காக நிர்ணயிக்கப்படும் என்பதே அப்போது எழுந்த கேள்வி. நாம் அங்கே அங்கத்தினராக இருந்தால் எப்பக்கம் வாக்களித்திருப்போம் என்று சொல்லவேண்டியதில்லை. குறையும் இல்லாமலில்லை: சிறு நிலையங்களை மூடிப் பெரியவற்றை மட்டும் நடத்தும் அச்சங்கத்தின் ஏற்பாட்டால் லாரிக் கூலி தங்கள் தலையில் விழுகிறதென்று தொலைவில் உள்ளோர் முறையிடுகின்றனர்.

நம் சங்கங்களுக்கு இதிலிருந்து இரண்டு யோசனைகளைக் கூற விரும்புகிறோம். அந்நாட்டு உழவர் பலர் தழைச்சத்தை விதைக்கும்போதே முழுதும் போடுவதில்லை. சிறிது போட்டுவிட்டு, பருவம் எப்படிச் செல்கிறதென்று பார்த்து, மழை வந்தால் மேலுரம் இடுகின்றனர். வராவிட்டால் அப்பணம் அவர்களிடமே இருக்கும். நம்மிடையே பயிர்க்கடன், பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுக்கப்படுகிறது. மானாவாரி நிலத்துக்கு மட்டுமேனும் மேலுரப் பங்கைத் தனித் தவணையாக வைத்து, மழை பெய்தபின் வாங்கிக்கொள்ளும் உரிமையையும், வாங்காமலே விட்டுவிடும் உரிமையையும் அங்கத்தினருக்கு அளிக்க வேண்டும். வாங்காதவர் அடுத்த ஆண்டு கடன் அளவில் எவ்விதக் குறைவுக்கும் ஆளாகக்கூடாது. மற்றொன்று சேமிப்பு. ஆஸ்திரேலிய சர்க்கார் 1999 முதல் நடத்திவரும் பண்ணை வைப்புத் திட்டத்தில், நல்ல ஆண்டின் வருவாயில் ஒரு பகுதியை வரி கட்டாமலே போட்டுவைத்து, கெட்ட ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும் ஆண்டின் வருமானத்தோடு சேர்த்தே வரி. நம் குடியானவருக்கு வருமான வரிச் சலுகை பொருளற்றது. ஆனால் நெசவாளர் சங்கங்களில் கூலியிலிருந்து சேமிப்பு நிதிக்குப் பிடிக்கும் பழக்கம் பலருக்கும் தெரிந்ததே. நல்ல மழை ஆண்டில் தானியம் சங்கத்தின் மூலம் விற்கும்போது அவ்வாறே ஒரு பங்கைப் பிடித்து, மழை தவறிய ஆண்டில் மட்டும் திருப்பித் தருவதற்கு உபவிதி செய்துகொள்வது இயலாத காரியமன்று.

மழை தவறியது என்பதை யார் தீர்மானிப்பது என்று செயலாளர்கள் கேட்பார்கள். தாலுக்காவின் மழை அளவு கிராமத்துக்குப் பொருந்துவதில்லை. ஒரே கிராமத்தில் ஏரிக்கு இப்பக்கம் நனைந்து அப்பக்கம் காய்வதும் உண்டு. சங்கக் கட்டிடத்தின் திறந்த முற்றத்தில் மழைமானி ஒன்று வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். தினம் காலையில் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத ஆள் ஒருவரை நியமிக்க வேண்டும். தவணை இரண்டானால் எழுத்தர்களின் வேலையும் இரட்டிக்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்; தணிக்கைக்கு வரும் நமக்கும் பார்க்க வேண்டிய பக்கங்கள் அதிகமாகும்.